ஆன்சி ஏரியும் அராவி மலையும்: பைகளோடு ஒரு வார சைக்கிள் பயணத்துக்கு என்ன வேண்டும்?

கேள்வி இது: ஜூனில் ஒரு வாரம் கிடைக்கிறது. பிரான்சின் கிழக்கில், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் ஆன்சி ஏரியையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் சைக்கிளில் பார்க்க வேண்டும். ஆள் 70 கிலோ, சைக்கிள் 12 கிலோ, பைகள் 13 கிலோ. சைக்கிளில் முன்னால் 50/34 பல், பின்னால் 11–28. இது போதுமா, எந்த வழியாகப் போவது?

வழியைப் பிறகு பார்ப்போம். முதலில் கியரை மாற்றுங்கள். அந்தப் பக்கம் போய்ப் பாதியில் திரும்புகிறவர்களில் பலருக்கு மூச்சு போதாமல் போவதில்லை, பல் போதாமல் போகிறது.

கணக்கு எளிது. உங்கள் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 34க்கு 28 என்ற கடைசிக் கியரில் பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் 2.55 மீ. நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 9 கி.மீ. வேகம். மொத்த எடை 95 கிலோ, சரிவு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்துக்குக் காலிலிருந்து சுமார் 250 வாட் வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறவரால் அதை ஐந்து நிமிடம் கொடுக்க முடியும், ஒரு மணி நேரம் முடியாது. அப்போது சுற்று 60லிருந்து 40க்கு இறங்கும், முழு எடையும் முட்டியில் விழும், மூன்றாம் நாள் முட்டி வலிக்கும். பின்னால் 34 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு 205 வாட் போதும். முன்னால் 46/30 கிராங்க் (பெடலோடு சுற்றும் முன் பற்சக்கரம்) போட்டு 30க்கு 34 ஆக்கினால் 180. முன்னால் 26, பின்னால் 36 கிடைக்கும் டூரிங் கிராங்க் என்றால் 150க்கு வந்துவிடும். வேகம் மணிக்கு 5.5 கி.மீ.தான். பரவாயில்லை, சைக்கிள் தடுமாறாமல் நேராகப் போகும் வேகம்தான் அது.

பின்பக்க கேசட்டை, அதாவது பின்சக்கரப் பற்களின் தொகுதியை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். 28 பல்லுக்கென்று வந்த குட்டைக் கூண்டு டீரேலியர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) பெரும்பாலும் 34 பல்லை ஏற்காது, மேல் உருளை பல்லில் உரசும். நீளக் கூண்டு டீரேலியர் வாங்குங்கள். செயினையும் புதிதாகப் போட்டு, முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்ற சேர்க்கையில் வைத்து அளந்து வெட்டச் சொல்லுங்கள். பழைய செயின் நீளத்தோடு விட்டால், களைப்பில் ஒரு நாள் தவறி அந்தச் சேர்க்கைக்கு மாற்றிவிடுவீர்கள். செயின் விறைத்து டீரேலியரையும், அதைப் பிரேமோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டையும் சேர்த்துப் பிய்த்துவிடும்.

ஊரைப் பற்றி. எழுத்தைப் பார்த்து அன்னெசி என்று பலர் படிக்கிறார்கள், அங்கே சொல்வது ஆன்சி. இந்த சவ்வா பகுதியில் ஊர்ப்பெயரின் கடைசியில் நிற்கும் இசட் எழுத்தைப் பொதுவாக உச்சரிப்பதில்லை: லா க்லூசா, ஷானா என்றே சொல்வார்கள். வழி கேட்கும்போது இது உதவும். ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 447 மீ. உயரத்தில், 14 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள கணவாய்கள் சுமார் 850 முதல் 1,600 மீ. வரை. ஆல்ப்ஸ் கணக்கில் இவை சிறியவை. ஆனால் ஏரி மட்டத்திலிருந்து தொடங்குவதால் ஏற வேண்டிய உயரம் குறைவில்லை.

ஜெனீவாவில் இறங்கி வருவது வசதி. 2019 டிசம்பரில் தொடங்கிய லேமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஜெனீவாவிலிருந்து ஆனமாஸ் வழியாக ஆன்சி வரை நேராக வருகிறது, சைக்கிளை அப்படியே ஏற்றலாம். பாரிசிலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் வந்தால் சக்கரங்களைக் கழற்றிப் பைக்குள் வைக்க வேண்டியிருக்கும். 130 × 90 செ.மீ.க்குள் அடங்கும் பை வாங்குங்கள்.

முதல் நாள் பைகளை விடுதியில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் ஏரியைச் சுற்றுங்கள். இதை உல்லாசச் சுற்று என்று ஒதுக்க வேண்டாம். பயணத்தில் அடிபட்ட சைக்கிளைச் சோதிக்க இதைவிட நல்ல 40 கி.மீ. கிடைக்காது. மேற்குக் கரை முழுக்க, வாகனங்கள் நுழையாத 'வுவா வெர்ட்', அதாவது பச்சை வழி. ஆன்சியையும் ஆல்பேர்வில்லையும் இணைத்த பழைய ரயில் பாதையின் மேல் போட்டது அது. 1901இல் திறந்த அந்தப் பாதையில் பயணிகள் ரயில் 1938இல் நின்றது. ரயில் ஏறிய சரிவு என்பதால் எங்கும் செங்குத்து கிடையாது. செவ்ரியே, சாங் ஜோரியோ ஊர்களைக் கடந்து துவேங்கில் அந்தக் காலச் சுரங்கத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே வரலாம். உள்ளே விளக்கு உண்டு. ஆனால் வெயிலிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தால் சில நொடி எதுவும் தெரியாது, எதிரே குழந்தைகள் வருவார்கள். கண்ணாடியை வாசலிலேயே கழற்றுங்கள்.

கிழக்குக் கரை வேறு மாதிரி. வேரியே வரை தனிப்பாதை இருக்கிறது. மாந்தோனிலிருந்து தாலுவார் போகப் பாறைமேடு குறுக்கே நிற்பதால் கார்களோடு சாலையில் ஏறி இறங்க வேண்டும், ஏறக்குறைய 100 மீ. ஏற்றம். அதனால் கடிகாரச் சுற்றில், கிழக்குக் கரையை முதலில் போகச் சொல்வேன். காலை 7 மணிக்குக் கிளம்பினால் போக்குவரத்து சேருவதற்கு முன்பே அந்தத் துண்டு முடிந்துவிடும். பிரான்சில் வலப்பக்கம் ஓட்டுவதால் ஏரியும் உங்கள் பக்கமே இருக்கும். பச்சை வழியில் ஞாயிற்றுக்கிழமை பகலில் வேகம் எடுக்க நினைக்காதீர்கள். நடப்பவர்கள், ஸ்கேட்டிங் போகிறவர்கள், சக்கர வண்டியில் குழந்தைகள் என்று நிறைந்திருக்கும். குறுக்கே சாலை வரும் இடங்களில் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

இந்தச் சுற்றில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். தாலுவார் மேட்டுக்கு முன் நிறுத்தி, பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் பெடலைச் சுற்றி, பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் டீரேலியர் கூண்டுக்கும் ஸ்போக்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். 'டிக் டிக்' என்று ஸ்போக்கில் தட்டினால், பெட்டியில் வந்தபோது ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறது. அதோடு மலை ஏறினால், அழுத்தம் அதிகமாக இருக்கும் ஒரு நொடியில் கூண்டு ஸ்போக்குக்குள் போய் ஹேங்கர் ஒடியும், அன்றைய ஓட்டம் அங்கேயே முடியும். டீரேலியரில் எல் என்று குறித்த திருகைச் சிறிது முடுக்குவது தற்காலிக வைத்தியம்தான். நிமிர்த்தும் கருவி உள்ள கடையில் கொடுப்பதே சரி. ஹேங்கர் ஒவ்வொரு பிரேமுக்கும் வேறு என்பதால், உங்கள் சைக்கிளுக்குரிய ஒன்றை ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். மற்றவை எந்தக் கடையிலும் கிடைக்கும், இது கிடைக்காது.

இரண்டாம் நாளும் பையில்லாமல் ஒரு மலை. லேஷோ கணவாய் (897 மீ.) மெதுவாகத் தொடங்க ஏற்றது. ஏரிக்கரையிலிருந்து 11, 12 கி.மீ., சராசரி 4 சதவீதம். அங்கிருந்து கால் ஒத்துழைத்தால் செம்னோ மலைக்குத் தொடரலாம். உச்சிச் சாலை 1,650 மீ.க்கு மேல் போகிறது, வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸின் உயர்ந்த சிகரமான மோன் பிளாங் முழுதாகத் தெரியும். 2013 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், கடைசி நாளுக்கு முந்தைய கட்டம் இங்கேதான் முடிந்தது, வென்றவர் கொலம்பியாவின் நைரோ கின்டானா. போட்டியாளர்கள் ஏறியது வேறு பக்கம்: 10.7 கி.மீ., சராசரி 8.5 சதவீதம். லேஷோ பக்கம் அதைவிட நீளம், ஆனால் சராசரி 6 சதவீதத்துக்குள். முதல் மலைக்கு நீளமானதையே எடுங்கள்.

சராசரி என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கொலோம்பியேர் கணவாய் (1,613 மீ.) நல்ல எடுத்துக்காட்டு. சியோன்சியே பக்கத்திலிருந்து 16 கி.மீ., சராசரி 6.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ரெப்போசுவார் கிராமம் வரையுள்ள முதல் பாதி 5, 6 சதவீதம், ஓர் இடத்தில் கிட்டத்தட்டச் சமதளம். அதனால் எல்லோரும் அங்கே வேகமாகப் போய்விடுகிறார்கள். கிராமத்துக்குப் பிறகு 8 தாண்டி, கடைசிக் கிலோமீட்டரில் 10 தொடும். அதைவிடக் கஷ்டம், மேலே கணவாயில் இருக்கும் கட்டடம் பல கிலோமீட்டருக்கு முன்பே கண்ணில் பட்டு, கிட்ட வராமலே நிற்கும். முதல் பாதியில் சேமித்தவருக்குத்தான் இரண்டாம் பாதி. பைகளோடு ஏற வேண்டுமானால் எதிர்ப்பக்கம், க்ரான் போர்னானிலிருந்து 11.7 கி.மீ., 5.8 சதவீதம். இங்கே கணவாய்ச் சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பலகை நட்டிருப்பார்கள்: இப்போதைய உயரம், மீதித் தொலைவு, அடுத்த கிலோமீட்டரின் சரிவு. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து ஓட்டுங்கள், மீதித் தொலைவைப் பார்க்காதீர்கள்.

பைகளோடு போகும் பெரிய சுற்று அராவி கணவாய் வழி. ஆன்சி, தோன், லா க்லூசா, அராவி (1,486 மீ.), ஃப்லூமே, யூஜின், பிறகு பச்சை வழியில் ஃபவேர்ஜ் தொட்டு ஆன்சி. மொத்தம் 100 கி.மீ.யை ஒட்டி வரும். பந்தய வீரர் அரை நாளில் முடிப்பார். பையோடு இரண்டு நாள் வையுங்கள், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. தோன் 20 கி.மீ.யில் வந்துவிடும். சனிக்கிழமை காலை அங்கே சந்தை. ரெப்லோஷோன் பாலாடைக்கட்டியின் ஊர் இது. மேலே ஒட்டியிருக்கும் வட்ட முத்திரை பச்சையாக இருந்தால் ஒரே பண்ணையின் பாலில் பண்ணையிலேயே செய்தது, சிவப்பாக இருந்தால் பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துச் செய்தது. பச்சையை வாங்குங்கள். ஆனால் அதை உருளைக்கிழங்கோடு சுட்டுத் தரும் தார்த்திஃப்லேத் இரவுச் சாப்பாடு. மதியம் சாப்பிட்டுவிட்டு அராவி ஏறினால் வயிறு கல்லாகக் கிடக்கும். ஏறும்போது மணிக்கு 40, 50 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு வாழைப்பழமும், ஜாம் தடவிய கைப்பிடி நீள ரொட்டியும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். பசித்த பிறகு சாப்பிட்டால் பயன் தாமதமாகும். முக்கால் மணிக்கு ஒரு முறை, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாயில் போடுங்கள்.

லா க்லூசாவிலிருந்து கணவாய் சுமார் 8 கி.மீ., 6 சதவீதத்தை ஒட்டி. மேலே சிறு கோயில், மணி கட்டிய மாடுகள், எதிரே மோன் பிளாங். காலை 10 மணிக்குள் மேலே இருக்கும்படி கிளம்புங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை இந்த மலைகளில் வழக்கம், கணவாயில் ஒதுங்க இடம் குறைவு.

அங்கிருந்து ஃப்லூமே 12 கி.மீ. இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். 10 சதவீத இறக்கத்தில் 95 கிலோவை மணிக்கு 20 கி.மீ.யில் பிடித்துவைக்க, பிரேக்குகள் 400 வாட்டுக்கு மேல் வெப்பமாக மாற்ற வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி பாதிச் சூட்டில் இடைவிடாமல் எரிவது போல. சக்கர வளையத்தையே பிடிக்கும் ரிம் பிரேக்கானால் அந்தச் சூடு ரிம் வழியாக டியூபுக்குப் போகும். காற்றின் அழுத்தம் ஏறும், ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் இளகி விலகும், ஸ்போக் துளை விளிம்பில் டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக்கானால், ரெசின் பேட் (தட்டைப் பிடித்து உரசும் கட்டை) பளபளப்பாகிப் பிடிமானம் போகும், லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: லேசாகப் பிடித்தபடியே இறங்காதீர்கள். நேர்ச்சாலையில் விட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழைந்ததும் விட்டுவிடுங்கள். நடுநடுவே ஆறும் நேரம் கிடைக்கும். டிஸ்க் பேடில் உரசும் பொருள் 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. கிளம்பும்போது 1 மி.மீ.தான் இருக்கிறதென்றால் புதியதைப் போட்டுக்கொண்டு, ஒரு ஜோடி கையிலும் வையுங்கள்.

13 கிலோவையும் பின் கேரியரிலேயே கட்டினால் இன்னொரு ஆபத்து உண்டு. முன்சக்கரம் லேசாகி, 45, 50 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் தானாக இடம்வலம் ஆடத் தொடங்கும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். இரண்டு முட்டியாலும் பிரேமின் மேல்குழாயை நெருக்குங்கள், கையைத் தளர்த்துங்கள், பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள், நின்றுவிடும். வராமலே தடுக்க, கனமானவற்றை (கருவிப் பை, பூட்டு, உணவு) முன் ஃபோர்க்கின் இருபுறமும் தாழ்வாகக் கட்டுங்கள். பின்சக்கரத்தில் செயின் பக்க ஸ்போக்தான் முதலில் உடையும். அந்த நீளத்தில் மூன்று ஸ்போக்கை இருக்கைக் குழாய்க்குள் வைத்துக்கொள்ளலாம். டயர் 32 முதல் 35 மி.மீ., அழுத்தம் 60 பி.எஸ்.ஐ.யை ஒட்டி.

ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம். 1,000 மீட்டருக்கு 6, 7 டிகிரி குறையும், அதோடு நனைந்த சட்டையும் 40 கி.மீ. காற்றும் சேரும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது. முழுவிரல் கையுறையும் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் பையின் மேலேயே இருக்கட்டும். கணவாயில் நின்றதும், படம் எடுப்பதற்கு முன்பே, போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்லூமேயிலிருந்து யூஜின் போகும் ஆர்லி பள்ளத்தாக்குச் சாலைதான் இந்தச் சுற்றின் பலவீனமான கண்ணி. குறுகலானது, லாரிகள் உண்டு, பாறை சரிந்து அடிக்கடி மூடுவார்கள். முந்தைய இரவே விடுதியில் கேளுங்கள். 'ரூத் பாரே' என்ற பலகை நின்றால் உண்மையாகவே மூடியிருக்கிறது, சைக்கிள்தானே என்று நுழையாதீர்கள். மாற்று, மேலே 'எரி சூர் யூஜின்' என்ற கிராமம் வழியாகப் போகும் சிறு சாலை. ஏற்றம் கூடும், அமைதியும் கூடும். திறந்திருந்தாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். யூஜினில் இறங்கியதும் பச்சை வழி ஆன்சி வரை கைபிடித்து அழைத்துப் போகும்.

மழை பிடித்தால், அல்லது அராவி வேண்டாமென்று தோன்றினால், தோனிலிருந்து செரவால் வழியாக மாரே கணவாய் (850 மீ.க்குள்) தாண்டி ஃபவேர்ஜுக்கு இறங்கிவிடுங்கள். பையோடு போகிறவருக்கு இந்தப் பகுதியிலேயே இதமான சாலை அது.

ஜூன் நல்ல தேர்வு. கொலோம்பியேர் போன்ற உயரக் கணவாய்கள் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடந்து வசந்தத்தின் கடைசியில்தான் திறக்கும். செப்டம்பரும் அதே அளவு நல்லது. ஜூலை, ஆகஸ்டில் ஏரிக்கரையில் இடமும் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். ஏரியின் தென்முனையில் தூசார் பக்கம் இயற்கைக் காப்பகம் இருக்கிறது, அங்கே கூடாரம் போடக் கூடாது. முகாம் திடலில் முன்பதிவு செய்யுங்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் கிராமத்து ரொட்டிக் கடைகள் பல மூடியிருக்கும், மற்ற நாளிலும் மதியம் இடைவேளை உண்டு. அதனால் அன்றைய ரொட்டியைக் காலையிலேயே வாங்குங்கள். கிராம ஊற்றுக்குழாய்களில் தண்ணீர் பிடிக்கலாம், 'நோன் பொதாப்ள்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாதது.

சட்டம் கொஞ்சம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஒளிரும் மேலாடை கட்டாயம். விளக்கும் மணியும் வேண்டும். காதில் இயர்போன் வைத்து ஓட்டினால் 135 யூரோ அபராதம். கார்கள் உங்களைத் தாண்டும்போது ஊருக்குள் 1 மீட்டரும் வெளியே 1.5 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். அதனால் சாலையோரச் சரளையில் ஒட்டிக்கொண்டு ஓட்டாமல், உங்களுக்குரிய இடத்தில் நேராக ஓட்டுங்கள். அவசரத்துக்கு 112.

மீதி இரண்டு நாளுக்கு, வந்த வழியே திரும்பாமல் போஜ் மலைத்தொடர் வழியாக வெளியேறுங்கள். லேஷோ கணவாயை இப்போது பையோடு ஏறி, லேஷ்ரேனுக்கு இறங்கி, ஷெரான் ஆற்றைத் தொடர்ந்து க்யூசி வாருங்கள். அங்கே ஆற்றிலிருந்து 95 மீட்டர் உயரத்தில் தொங்கும் அபீம் பாலத்தில் இறங்கி நடந்து பாருங்கள். பிறகு எக்ஸ் லே பேன் ஊரும் பூர்ஜே ஏரியும். பிரான்சின் எல்லைக்குள் முழுதாக அடங்கும் இயற்கை ஏரிகளில் பெரியது இது, 44 சதுர கி.மீ.க்கு மேல். மேற்குக் கரையில் மோன் த்யூ ஷா என்று ஒரு மலை இருக்கிறது: 8.7 கி.மீ., சராசரி 10 சதவீதத்துக்கு மேல். பையோடு அதைத் தொடவே வேண்டாம்.

பூர்ஜே ஏரியின் வடமுனைக்குப் போனால், ஏரியை ரோன் ஆற்றோடு இணைக்கும் சவியேர் கால்வாயின் கரையில் ஷானா கிராமம். ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை போகும் வியாரோனா சைக்கிள் பாதை அந்த ஊரைத் தொட்டுப் போகிறது. ஆற்றோரமாகச் சில கிலோமீட்டர் ஓட்டினால் க்யூலோ ரயில் நிலையம். லியோனுக்கும் ஜெனீவாவுக்கும் அங்கிருந்து டி.இ.ஆர். என்ற வட்டார ரயில் உண்டு, சைக்கிளை ஏற்றலாம். வண்டிக்குள் சைக்கிளை மாட்டும் கொக்கிகள் சிலவே. கூட்டமில்லாத காலை ரயிலைப் பிடியுங்கள், பைகளை நடைமேடையிலேயே கழற்றித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.